பணயமும் விதைநெல்லும்

சூதாட்டத்தைப் பற்றி எழுதுவது தமிழில் சுலபமான காரியமாகிவிட்டது. குறளில் ஒரு அதிகாரம் இருக்கிறது, தருமன் இருக்கிறான், நளன் இருக்கிறான். மூன்றையும் வரிசையாக நிறுத்தி வைத்தால் கட்டுரை தானாக எழுதிக்கொண்டுவிடும். எழுதுகிறவனும் வாசிக்கிறவனும் சூதாடாதவர்கள் என்ற சௌகரியம் வேறு. வெறிகொண்டு ஆடி வீட்டை அழித்தவனைப் பற்றிச் சொல்ல இனி புதிதாக எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவன் நமக்கு எளிதாகப் புரிகிறான். அனுதாபப்படவும் இடம் தருகிறான். என்னைத் தொந்தரவு செய்கிறவன் இன்னொருவன் - நிதானமாக ஆடுகிறவன். கையில் இருப்பதில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் ஒரு பந்தயத்தில் வைக்காதவன், தோற்ற பணத்தை அன்றைக்கே மீட்கப் பதறாதவன், கணக்கு எழுதி வைக்கிறவன். இவனிடம் நம் நீதிநூல் வாசகம் செல்லுபடியாகாது. நாம் சிக்கனத்துக்கும் அடக்கத்துக்கும் சொல்கிற எல்லாப் பாராட்டும் இவனுக்கும் பொருந்துகிறது. பிறகு எங்கே இடறுகிறது?

ஊத்துக்கோட்டையில் எனக்குப் பழக்கமான இளைஞர் ஒருவர். தேர்வாய்கண்டிகைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மேய்ச்சல் நிலமாகக் கிடந்த இடம் சிப்காட் ஆனபோது கிராமத்தார் எதிர்த்து நின்றதை அவர் சிறு வயதில் பார்த்திருக்கிறார். நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ குடிக்கிற நேரத்தில் பேசுவோம். அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, ஆட்டம், கட்டிய தொகை, விகிதம், வந்தது, போனது. நான் பார்த்தபோது கடைசி இரண்டு பக்கங்களும் சர்வதேச ஐஸ் ஹாக்கிப் போட்டிகள். மே மாதம் உலகப் போட்டி, 16 தேசங்கள். ஆட்டத்தை அவர் ஒருமுறைகூட முழுசாகப் பார்த்ததில்லை. ஊத்துக்கோட்டையில் ஐஸ் என்றால் மீன் பெட்டியில் கொட்டுவது, கரும்புச் சாற்றில் போடுவது. இந்தியாவில் இந்த ஆட்டத்துக்கு வேர் லடாக்கில் இருக்கிறது, அங்கே குளம் உறைகிறது. ஆரணியாற்றில் மணலாவது மிஞ்சினால் சரி. "கிரிக்கெட்ல எல்லாரும் பூந்துட்டாங்க சார். இதுல கூட்டம் இல்ல. நான் ஆட்டக்காரன் இல்ல சார், கணக்குப் பாக்கறவன்" என்றார். அவர் செய்தது சட்டப்படி குற்றம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த வாக்கியம் எனக்குள் உட்கார்ந்துவிட்டது. ஆட்டக்காரன் இல்லை, கணக்குப் பார்க்கிறவன். ஆட்டம் இல்லாமல் பணயம் மட்டும் மிஞ்சியிருக்கிற ஒரு நிலை இது. குதிரை ரேஸுக்குக் கிண்டி போனவன் குதிரையையாவது பார்த்தான்.

ஐஸ் ஹாக்கி இந்த ஜாக்கிரதைக்கு ஏற்ற ஆட்டம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று இருபது நிமிஷங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்தாறு கோல். இவ்வளவு சொற்ப எண்ணிக்கையில் ஒரு கட்டை மேல் பட்டுத் திரும்புகிற ஒரு வட்டு முடிவையே மாற்றிவிடும். 1980 பிப்ரவரியில் லேக் பிளாசிட் ஒலிம்பிக்ஸ் துவங்குவதற்குச் சில நாட்கள் முன்பு சோவியத் அணி அமெரிக்க அணியை 10-3 என்று துவைத்துப் போட்டது. அமெரிக்கர்கள் கல்லூரிப் பையன்கள். சோவியத்துகள் நான்கு ஒலிம்பிக்ஸ் தொடர்ந்து தங்கம் வாங்கியவர்கள். இரண்டு வாரத்துக்குள், பிப்ரவரி 22ஆம் தேதி, அதே இரண்டு அணிகள் மறுபடி மோதியபோது அமெரிக்கா 4-3. நிச்சயம் என்று எல்லாவற்றையும் வைத்தவன் அன்றைக்கு ஒழிந்தான். நூற்றுக்கு இரண்டு வைத்தவன் மறுநாள் காலையில் எழுந்து பல் தேய்த்தான். இதுதான் ஜாக்கிரதையின் சாதனை. இதைச் சின்னதாக நினைக்க நான் தயாரில்லை. தனக்குத் தெரிந்தது தப்பாக இருக்கலாம் என்று பணத்தின் மொழியில் ஒப்புக்கொள்கிற அடக்கம் அது. நம் விமர்சகர்களில் பலருக்கு இது இல்லை.

ஆனால் இந்த அடக்கத்துக்கு உள்ளே இருக்கிற கணிதத்தையும் பார்க்கவேண்டும். நிகழ்தகவு என்ற சாஸ்திரமே பணயத்திலிருந்துதான் பிறந்தது - 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்கள், பாதியில் நின்றுபோன ஆட்டத்தில் நடுவே கிடக்கிற பணத்தை எப்படிப் பங்கு போடுவது என்ற கேள்வியைச் சுற்றியவை. மூன்று நூற்றாண்டு கழித்து, 1956இல், அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் டெலிபோன் சமாசாரங்களை ஆராய்ந்துகொண்டிருந்த கெல்லி என்பவர், முதலில் எவ்வளவு பங்கை வைத்தால் நீண்ட ஓட்டத்தில் அது வேகமாக வளரும் என்று ஒரு சூத்திரம் கண்டார். ஒன்றுக்கு ஒன்று கிடைக்கிற பந்தயத்தில் நூற்றுக்கு 55 தடவை ஜெயிக்கக்கூடியவன் கையிருப்பில் பத்தில் ஒரு பங்கு வைக்கலாம். சந்தேகமிருந்தால் இன்னும் குறைவு. உலகெங்கும் ஜாக்கிரதைக்காரர்கள் ஓதுகிற நூற்றுக்கு ஒன்று, இரண்டு எல்லாம் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அவர்கள் ஓதாமல் விடுகிற ஒரு வரி இருக்கிறது. ஐம்பதுக்கு ஐம்பது என்றால் அதே சூத்திரம் தருகிற விடை பூஜ்யம். எதிராளியின் கை சற்று ஓங்கியிருந்தாலும் பூஜ்யம்தான். கொஞ்சமாக வை என்று அது சொல்லவில்லை. வைக்காதே என்கிறது.

பந்தயம் நடத்துகிறவன் கை எப்போதும் ஓங்கித்தான் இருக்கிறது. அதுதான் அவன் ஜீவனம். 100 கட்டி ஜெயித்தால் லாபம் 90, தோற்றால் போவது 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பந்தயத்தில் 53 ஜெயித்தால்தான் கை கடிக்காது. ஆட்டத்தையே பார்க்காதவனுக்கு ஐம்பது கிடைப்பதே நியாயம். நம் நண்பர் 10,000 ரூபாயில் தடவைக்கு 200 வைக்கிறார். ஒவ்வொரு தடவையும் சராசரியாகப் பத்து ரூபாய் கரைகிறது. ஆயிரமாவது பந்தயத்தில் நோட்டு மட்டும் மிச்சம். தடவைக்கு 2,000 வைக்கிற முரடனுக்கு இதே கதி நூறு பந்தயத்தில் வந்துவிடும். ஜாக்கிரதைக்காரர் தப்பித்துக்கொள்ளவில்லை. அவர் வாங்கியிருப்பது அவகாசம்தான். (இருப்பதில் நூற்றுக்கு இரண்டு, மீதியில் நூற்றுக்கு இரண்டு என்று போனால் ஒருபோதும் பூஜ்யம் வராதே என்று கேட்கலாம். வராது. தேய்ந்துகொண்டே இருக்கும். காகிதத்தில் இது ஆறுதல்.)

இதைவிடச் சங்கடமான விஷயம் ஒன்று உண்டு. ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள், அவற்றில் 18 சிவப்பு. ஒருவனுக்கு 10,000 இருக்கிறது, விடிவதற்குள் 20,000 வேண்டும் - ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தையும் ஒரே தடவையில் சிவப்பில் வைத்தால் அவன் ஜெயிக்க நூற்றுக்கு 47 வாய்ப்பு. நூறு நூறாக, நிதானமாக, அடக்கமாக வைத்துக்கொண்டே போனால்? இரட்டிப்பை அடைவதற்கு 37,000இல் ஒரு வாய்ப்புக்கும் குறைவு. எண்ணில் பிழையில்லை, போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். டூபின்ஸ், சாவேஜ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1965இல் ஒரு புத்தகமே எழுதி நிறுவினார்கள்: சாதகமில்லாத ஆட்டத்தில் ஒரு இலக்கை எட்டியே தீரவேண்டியவனுக்குத் துணிந்து வைப்பதைவிட நல்ல வழி கிடையாது. அதாவது பணம் தேவைப்படுகிறவனுக்கு ஜாக்கிரதையைப்போல மோசமான யோசனை இல்லை. தேவைப்படாதவனுக்குத்தான் அது பொருந்தும். அவன் எதற்கு ஆடவேண்டும்? நம் நீதிகளில் பாதி இந்த இடத்தில் கலகலத்துப் போகின்றன. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வைத்த பைத்தியக்காரன் என்று நாம் கைகொட்டிச் சிரித்தவன், தன் நிலைமைக்குச் சரியான கணக்கைப் போட்டிருக்கலாம். ஒப்பந்தக்காரனிடம் கூலி வாங்குகிறவனுக்கு, வட்டி கட்டுகிறவனுக்கு, ஜாக்கிரதை என்பது மேலேயிருந்து வருகிற உபதேசம். 1866இல் தஸ்தயேவ்ஸ்கி 'சூதாடி'யை இருபத்தாறு நாளில் எழுதி முடித்ததும் இந்த மாதிரிக் கணக்குத்தான். குறித்த தேதிக்குள் நாவல் தராவிட்டால் ஒன்பது வருஷ எழுத்தின் உரிமை பதிப்பாளன் கைக்குப் போய்விடும் என்று கையெழுத்திட்டிருந்தார். சுருக்கெழுத்துக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு ஜெயித்தார். அவளையே மணந்துகொண்டார். பிறகும் வருஷக்கணக்கில் ரூலெட் மேஜையில் தோற்றுக்கொண்டிருந்தார்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கலங்கவில்லை. "மாசம் ஐந்நூறு போவுது. சினிமாவுக்குப் போனா போவாதா?" என்றார். இது நல்ல பதில். சுகத்துக்குச் செலவழிப்பதை இழப்பு என்று சொல்லக்கூடாது. ஆனால் சினிமா பார்க்கிறவன் டிக்கெட்டுக் காசு திரும்பி வரும் என்று நம்பவேண்டியதில்லை. நம்பாமலே படம் ஓடும். பந்தயத்தின் ருசி அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. நோட்டுப் புத்தகமும் நூற்றுக்கு இரண்டும் அந்த நம்பிக்கையைக் கெடாமல் பாதுகாக்கிற உப்பு. 'நான் கட்டுப்பாட்டில் இருக்கிறேன்' என்று தினமும் எழுதி வைத்துக்கொள்ள முடிகிற ஒருவனுக்கு நிறுத்துவதற்கு எந்தக் காரணமும் தோன்றாது. வெறியனுக்காவது ஒருநாள் எல்லாம் தீர்ந்துபோகிறது.

நம்முடைய சர்க்கார்களும் இந்த நிதான சூதாடியைத்தான் காதலித்துவந்திருக்கின்றன. 1930ஆம் வருஷத்துச் சென்னைச் சூதாட்டச் சட்டமே திறமையால் ஆடுவதற்கு விலக்கு வைத்தது. 1968இல் ரம்மி பிரதானமாகத் திறமை ஆட்டம் என்றது சுப்ரீம் கோர்ட். அதே 1968இல்தான் அண்ணாதுரை ஆட்சியில் அரசு லாட்டரி வந்தது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு. தோற்பவனையும் தியாகியாக்கிவிட்ட அபாரமான வாசகம்! 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். 1996இல் அதுவும் திறமைதான் என்று தீர்ப்பாயிற்று. லாட்டரி 2003இல் நிறுத்தப்பட்டது. பிறகு போனில் ரம்மி வந்தது, தற்கொலைச் செய்திகள் வந்தன, 2022இல் நீதிபதி சந்துரு குழு வந்தது, 2023இல் சட்டம் வந்தது. 2025 பிப்ரவரியில் வந்த விதிகளில் ஒன்றை இங்கே கவனிக்கவேண்டும். நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை ஆடக்கூடாது. தொடர்ந்து ஆடினால் அவ்வப்போது எச்சரிக்கை தோன்றவேண்டும். நாளுக்கு, வாரத்துக்கு, மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஆடுகிறவனே வரம்பு வைத்துக்கொள்ள வழி செய்யவேண்டும். அவனே! வரம்பு போடுகிற கையும் அதை மீறத் துடிக்கிற கையும் ஒரே தோளிலிருந்து தொங்குகின்றன. அதே வருஷம் ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமில்லாமல் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்து சட்டம் இயற்றியது. தடை நல்லதா என்பது வேறு விவாதம். நிதான சூதாடி என்ற பாத்திரத்தின்மேல் ராஜ்யத்துக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

வள்ளுவருக்கு அந்த நம்பிக்கை முதலிலிருந்தே இல்லை. சூது 94ஆவது அதிகாரம். அடுத்த 95 மருந்து. மருந்தில் அவர் பேசுவதெல்லாம் அளவு - பசித்துப் புசி, செரித்தபின் புசி, அளவறிந்து புசி. அளவு என்ற கருத்தை அவ்வளவு நுட்பமாகக் கையாண்ட மனிதர் ஒரு அதிகாரத்துக்கு முன்னால் சூதுக்கு ஒரு மாத்திரையும் எழுதித் தரவில்லை. அதுமட்டுமல்ல, முதல் குறளிலேயே அவர் தடுப்பது ஜெயிக்கிறவனை. மீன் விழுங்கிய தூண்டில் இரும்போடு அந்த வெற்றியை ஒப்பிடுகிறார். தோற்பவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். உணவுக்கு அளவு உண்டு, ஏனென்றால் வயிறு 'போதும்' என்று சொல்லும். பணயத்தில் அந்த 'போதும்' எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி.

ஊத்துக்கோட்டையைச் சுற்றி இன்னும் ஏரிப் பாசனமும் மானாவாரி வேர்க்கடலையும் இருக்கின்றன. விவசாயி வைக்கிற பணயம் எந்தச் சூதாடியுடையதைவிடவும் பெரியது. மழை என்கிற எதிராளி கணக்கே காட்டுவதில்லை. 1983 ஒப்பந்தத்தில் பிறந்த கிருஷ்ணா கால்வாய் இந்த ஊர்ப் பக்கத்தில்தான், ஜீரோ பாயின்ட்டில், தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1996இலிருந்து அந்தத் தண்ணீரை அவன் கண்ணால் பார்க்கிறான். அது பூண்டிக்குப் போய்ச் சென்னை குடிக்க. அவன் வானத்தைத்தான் பார்க்கவேண்டும். பாஸ்கல் கடவுளைப் பற்றிப் பந்தயம் பேசும்போது, ஆடாமல் இருக்கிற வசதி உனக்கு இல்லை, நீ ஏற்கெனவே படகில் ஏறியாயிற்று என்பார். விவசாயி படகில் ஏறினவன். அவனுக்கு ஒரு வரம்பு உண்டு: விதைநெல். பத்தாயத்தில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் கை வைப்பதில்லை. இது நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு அல்ல. விளைச்சல் எவ்வளவாக இருந்தாலும் அடுத்த விதைப்புக்கு வேண்டியது வேண்டும். விதைநெல் அவனுடைய சொத்தே அல்ல, அவன் காவல் காக்கிற பொருள் என்பதுபோல வீட்டில் எல்லாரும் நடந்துகொள்வார்கள். நண்பரின் 10,000 ரூபாயை 'முதல்' என்று நோட்டில் எழுதியிருந்தார். அந்த முதல் எப்படி அவருடையதாயிற்று, அதில் யாருக்கெல்லாம் பங்கு உண்டு என்று நூற்றுக்கு இரண்டு என்ற விதி கேட்பதில்லை. அம்மாவுக்குத் தரவேண்டியதும் அதில் இருந்தது; அவரே போகிறபோக்கில் சொன்னார்.

நளன் கதையில் இந்த இடம் பிரமிக்கத்தக்க முறையில் வருகிறது, யாரும் பேசுவதில்லை. கலி பிடித்த நளன் நாடு நகரம் எல்லாம் தோற்றபின் புட்கரன் கேட்கிறான்: தமயந்தியை வை. நளன் பதில் சொல்லாமல் ஒற்றைத் துணியோடு எழுந்து போகிறான். கலி உள்ளே இருக்கும்போதே, புத்தி பேதலித்த நிலையிலேயே, அந்த ஒரு 'இல்லை' அவனிடம் இருந்தது. அவனுக்கு அப்போது ஆட்டக் கணக்கு தெரியாது. பிறகு இருதுபன்னனிடம், தான்றி மரத்தின் இலையையும் காயையும் பார்வையாலேயே எண்ணிச் சொல்கிற வித்தையைக் கற்கிறான். கற்ற கணத்தில் கலி அவனை விட்டு வெளியேறுகிறான். எண்ணத் தெரிந்தவனிடம் கலி இருக்க முடியாது - ஜாக்கிரதைக்காரர்களின் சங்கத்துக்கு முத்திரையாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வியாசர் அங்கே நிறுத்தவில்லை. நளன் திரும்பி வந்து புட்கரனை மறு ஆட்டத்துக்கு அழைக்கிறான். இப்போது அவன் வைக்கிற பணயம்: தான் சம்பாதித்த பொருள் எல்லாம், கூடவே தமயந்தி. வித்தை தெரியாதபோது வைக்க மறுத்தவளை, வித்தை தெரிந்ததும் வைக்கிறான். ஜெயித்தும் விடுகிறான், ஒரே வீச்சில். கதை மங்களமாக முடிகிறது. எனக்கு மட்டும் அந்த ஜெயம் தொண்டையில் நிற்கிறது. கணக்கு அவனுக்குத் தைரியத்தைக் கொடுத்தது. எதை வைக்கக்கூடாது என்று அதற்கு முன்பு தெரிந்திருந்ததை எடுத்துக்கொண்டுவிட்டது.

தொண்டை என்றதும் நினைவுக்கு வருவது, ஊத்துக்கோட்டையிலிருந்து ஆற்றைத் தாண்டினால் ஆந்திராவில் சுருட்டப்பள்ளி. சிவன் படுத்திருக்கிற கோயில். ஆலகாலத்தைக் குடித்த மயக்கத்தில் அம்பாள் மடியில் தலை வைத்துக் கிடக்கிறார். விஷம் தொண்டையோடு நின்றதே, அது குடித்தவரின் நிதானத்தால் அல்ல. இன்னொரு கை கழுத்தைப் பிடித்ததால். பிரதோஷத்துக்குப் போகிற கூட்டம் இதைப்பற்றி விசாரிப்பதில்லை. விசாரிக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை.

அந்த மாதிரி ஒரு கை அஸ்தினாபுரத்துச் சபையில் இல்லை. தருமன் பதற்றக்காரனும் அல்ல. படிப்படியாகத்தான் போகிறான்: முத்து, பொன், தேர், யானை, அடிமைகள், தம்பிமார், தான். ஒவ்வொரு படியிலும் முந்திய படியை வைத்துப் பார்த்தால் அடுத்தது அவ்வளவு பெரிதாகத் தெரியாது. பாரதி 'பாஞ்சாலி சபத'த்தில் அவனைத் திட்டுவது சூதாடி என்பதற்காக அல்ல. பூசாரி சிலையை விற்றதுபோல, வாயில்காவலன் வீட்டையே வைத்து இழந்ததுபோல என்கிறான். உடைமைக்காரனுக்கும் காவல்காரனுக்கும் உள்ள பேதம் அது. திரௌபதி கேட்டனுப்பிய கேள்வியும் அதுதான் - தன்னை முதலில் இழந்தானா, என்னை முதலில் இழந்தானா. தன்னை இழந்தவனுக்கு வைப்பதற்கு முதல் ஏது? பணயத்தைப் பற்றி இதுவரை கேட்கப்பட்டதிலேயே கறாரான கேள்வி அது. எந்தச் சூத்திரத்திலும் அதற்கு இடம் கிடையாது. தர்மம் சூட்சுமமானது என்று பீஷ்மர் நழுவினார். விகர்ணன் மட்டும் பேசினான்.

பிறகு திருதராஷ்டிரன் பயந்துபோய் வரம் தருகிறேன் என்றான். முதல் வரத்தில் தருமனை மீட்டாள். இரண்டாவதில் மற்ற நால்வரையும், அவர்கள் தேரோடும் வில்லோடும். மூன்றாவதையும் கேள் என்று அவன் வற்புறுத்தினான். நாட்டைக் கேட்டிருக்கலாம். வேண்டாம், க்ஷத்திரியப் பெண்ணுக்கு இரண்டுதான், பேராசை தர்மத்தைக் கெடுக்கும் என்று நிறுத்திக்கொண்டாள். அன்று அந்த மண்டபத்தில் அளவு தெரிந்திருந்தது பணயமாக வைக்கப்பட்டவளுக்கு. எல்லாவற்றையும் திருதராஷ்டிரனே திருப்பிக் கொடுத்து அனுப்பினான். இந்திரப்பிரஸ்தத்துக்குப் போகிற வழியிலேயே ஆள் வந்து மறுபடி அழைத்தான். இந்தத் தடவை ஒரே ஒரு பணயம், வனவாசம் பன்னிரண்டு வருஷம், மறைந்திருப்பது ஒரு வருஷம். தருமன் திரும்பிப் போய் உட்கார்ந்தான்.